நெடுநாள் மணவாழ்க்கையைப் பாசியில் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு துணியில் பாசி, அதாவது சின்னக் கண்ணாடி மணி, வைத்துத் தைக்கிறேன். ஆள் உயரத்துக்குத் தைத்த ஒரு துணி, நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வாழ்ந்த நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தைப் பற்றியது. அதைப் பார்த்தவர்களும், கேள்விப்பட்டுத் தாங்களும் தைக்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அந்தத் துணியில் என்னதான் இருக்கிறது?

மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமக்கள் இல்லை. தாலி இல்லை, குத்துவிளக்கு இல்லை. மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நிறம். ஒரு பட்டை ஓர் ஆண்டு.

எங்கள் காடு, அதாவது விவசாய நிலம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடிவரும் வாய்க்கால் அது, 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. அத்தனை நிலத்துக்கும் ஒரே போகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் விட முடியாது. அதனால் பாதி ஆயக்கட்டுக்கு (பாசன நிலத்துக்கு) ஆகஸ்ட் 15 முதல் நன்செய்த் தண்ணீர். மறு பாதிக்கு அது முடிந்த பிறகு கடலை, எள் போன்ற பயிர்களுக்குப் புன்செய்த் தண்ணீர். அடுத்த ஆண்டு முறை மாறும். ஒற்றைப்படை எண் மதகு, இரட்டைப்படை எண் மதகு என்று பிரித்துச் சொல்லும் இந்த முறை இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வாழ்க்கையில் எது எந்த ஆண்டு நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்வதே இப்படித்தான்: பெரியவள் பிறந்தது நெல் போட்ட வருஷம், மாமியார் தவறியது கடலை வருஷம்.

ஆகவே துணியில் பச்சைப் பட்டையும் காவிப் பட்டையும் மாறி மாறி வருகின்றன. 2016இல் மழை பொய்த்து, மறு ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்த ஆண்டுக்கு உரிய இடத்தில் பாசியே இல்லை. வெறும் துணி.

இத்தனைக்கும் குறுக்கே, வலது ஓரமாக, உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று இருக்கிறது. அது டார்ச் வெளிச்சம். கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் காலத்தில், அவர் எழுந்து போவார். பாம்பு கிடக்கும் வரப்பு என்பதால் நான் திண்ணையில் நின்று டார்ச் அடிப்பேன். ‘போதும், உள்ளே போ’ என்று அவர் அங்கிருந்து கத்துவார். நான் போகமாட்டேன். எங்கள் மணவாழ்க்கையில் பாதி அந்த வட்டத்துக்குள் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

திருமண நாளை ஏன் தைக்கவில்லை? அதுதானே தொடக்கம்?

எங்கள் கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். சீர்களை, அதாவது சடங்குகளை, நடத்துபவர் அருமைக்காரர். இணைச்சீர் மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரியது. அன்று அவளுக்கு இருக்கும் மிடுக்கு மணப்பெண்ணுக்குக் கூட இருக்காது. மங்கல வாழ்த்தைப் பாடுபவர் நாவிதர். பந்தல் பங்காளிகள் பொறுப்பு. அன்று நாங்கள் இருவரும் செய்த ஒரே வேலை, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்ததுதான்!

நான் தைக்க விரும்பியது நாங்கள் இருவரும் கையால் செய்ததை. புகைப்படத்தை வரைந்து அதன் மேல் பாசி ஒட்டினால், போட்டோகிராபர் எடுத்த படத்துக்குப் பளபளப்பு ஏற்றியது போல் ஆகிவிடும். அந்த மாதிரித் துணிகள் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த ஜோடியின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும். அதுதான் அவற்றின் குறை.

எங்களுக்குக் காடும் இல்லை, வாய்க்காலும் இல்லை. எதைத் தைப்பது?

நீங்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் தொட்ட ஒரு பொருளையோ, ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போக வேண்டியிருந்த ஒரு நேரத்தையோ தேடுங்கள். அழகாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

சென்னிமலையில் கைத்தறி நெய்த குடும்பம் என்றால், அவர் தறிக்குழியில் உட்கார்ந்திருக்க, வீட்டம்மா தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) சுற்றிக்கொடுத்திருப்பார். தார் தீரும் வேகமும் சுற்றும் வேகமும் ஒத்துப்போகாத நாளில் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நெய்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன ஜோடிக்கு ஷிப்டு. ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவார். சாவி வைக்கும் இடம்தான் அவர்கள் சந்தித்த இடம். அந்த ஜன்னல் மேடையையும் சாவியையும் தைத்தால் போதும்.

என்னிடம் கற்றுக்கொண்ட நாமக்கல் பெண்மணி ஒருவரின் கணவர் லாரி ஓட்டியவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். அந்தப் பெண்மணி தைத்தது கட்டம் கட்டமாக ஒரு மாதக் காலண்டர். கணவர் ஊரில் இல்லாத இரவுக்குக் கறுப்புப் பாசி, இருந்த இரவுக்குச் சிவப்பு. எல்லா மாதத்தையும் தைக்கவில்லை. ஒரே ஒரு மாதம், மூத்த பிள்ளை பிறந்த மாதம். கட்டங்களில் சிவப்பு நான்குதான். பார்த்தவர்கள் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

எங்கள் மணவாழ்க்கை அப்படியொன்றும் இனிமையானது அல்ல. அதைத் தைக்கலாமா?

தாராளமாக. இனிமையை மட்டும் தைத்தால் துணியில் ஆழம் வராது. ஒரே நிறத்தில் ஒரே உயரத்துக்குப் பாசி நிரப்பினால் கண் நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் துணியில் ஓர் ஆண்டுப் பட்டையை மட்டும் பாசியைத் திருப்பி, துளை மேலே தெரியும்படி நிறுத்தி நிறுத்தித் தைத்திருக்கிறேன். பச்சைதான், ஆனால் மினுங்காது; ஒளி துளைக்குள் போய்விடும். அந்த வருஷம் ஒரு நிலத்து விவகாரத்தில் நாங்கள் இருவரும் சோறு போடு, தண்ணீர் கொடு என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பட்டை எதற்கு வேறாக இருக்கிறது என்று அவர் கேட்டார். சொன்னேன். ‘நெல் நல்லா வந்த வருஷம்தானே அது’ என்று மட்டும் சொன்னார்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். அடி, உதை, குடி என்று காலம் தள்ளியவர்கள் சிலர், தைத்தால் மனம் ஆறுமா என்று கேட்கிறார்கள். ஆறலாம், ஆறாமலும் போகலாம். முடிக்கக் கட்டாயமில்லை. யாருக்கும் காட்டக் கட்டாயமுமில்லை.

கல்யாணப் பட்டுச்சேலையை வெட்டித் தைக்கலாமா?

வெட்டுவதற்கு முன் சேலையைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு, மடிப்பு ஓரங்களில் இற்றுப்போயிருக்கும். ஜரிகை உள்ள இடத்தில் இன்னும் மோசம். வியர்வை பட்ட இடம் தனியாக விறைத்து நிற்கும். ஒரு மூலையை விரலால் மெதுவாக மடித்துப் பாருங்கள். ‘சரக்’ என்று கோடு விட்டால் அந்தத் துணி ஊசியைத் தாங்காது. பாசியின் எடையை நிச்சயம் தாங்காது.

பட்டு நல்ல நிலையில் இருந்தாலும் நேரடியாக அதில் தைக்க வேண்டாம். துவைத்துக் கஞ்சி போக்கிய கோரா காட்டன் துணியை அடியில் வைத்து, பட்டுத் துணியை அதன் மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்து நீளத் தையலால் பிடித்துக்கொண்டு பிறகு பாசி வையுங்கள். எடையை அடித்துணி சுமக்கட்டும்.

இற்றுப்போன பட்டுத் துணியை என்ன செய்வது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கிழிசலைப் பாசியால் மூடாதீர்கள். கிழிந்த இடத்தை அப்படியே விட்டு, விளிம்பிலிருந்து ஒரு நூல் தள்ளி, சுற்றிலும் ஒரே வரிசையாகப் பாசி வையுங்கள். நடுவில் அடித்துணி தெரியட்டும். இந்தச் சேலை எத்தனை விசேஷத்துக்கு எடுத்துக் கட்டப்பட்டது, எந்தப் பக்கம் குழந்தையை இடுக்கிய பக்கம் என்பதெல்லாம் தேய்மானத்தில்தான் எழுதியிருக்கிறது. ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) செய்து கொடுக்கிறவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். ஓட்டையை அலங்கரிக்கிறீர்களா என்பார்கள். ஆமாம்.

கூறைச் சேலையை வெட்ட மனம் வராதவர்கள் முந்தியை மட்டும் எடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் பழைய நூல் சேலையே மேல். நூல் துணி ஊசிக்கு இணங்கிப் போகும். நெகமம் சேலையின் கட்டம் போட்ட உடல் பகுதி இருந்தால், கட்டங்களே உங்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிடும்.

பவானி ஜமக்காளத்தின் மேல் தைக்கலாமா? கல்யாணத்துக்கு விரித்த ஜமக்காளம் வீட்டில் இருக்கிறது.

ஆசை புரிகிறது. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பட்டைக் கோடுகளைப் பார்த்துத்தான் எனக்கும் ஆண்டுப் பட்டை என்ற எண்ணமே வந்தது. ஆனால் ஜமக்காளத்தின் ஊடை, அதாவது குறுக்கே ஓடும் இழை, தடித்த நூல்; நெருக்கி அடித்திருப்பார்கள். பாசி ஊசி வளையும் அல்லது ஒடியும். தடித்த ஊசி போட்டால் அது பாசித் துளையில் நுழையாது. பாசிகளும் ஊடை நூல்களுக்கு நடுவே புதைந்து பாதி மறைந்துவிடும். ஜமக்காளத்தைக் கீழே விரித்து, அதன் மேல் உட்கார்ந்து தையுங்கள்.

எந்தப் பாசி வாங்குவது?

கடையில் சுகர் பீட்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அளவுக்கு எண் உண்டு; எண் கூடினால் பாசி சிறுக்கும். 8 என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 11 என்றால் 2 மில்லிமீட்டர் சொச்சம், 15 என்றால் ஒன்றரை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் 11இல் தொடங்குங்கள். 15க்குப் போனால் கண் போகும்.

ஜப்பான் பாசி அச்சில் வார்த்தது போல் ஒரே சீர். விலையும் அதற்கேற்றபடி பல மடங்கு. நம் ஊரில் கிடைப்பதில் ஒன்று தட்டை, ஒன்று நீளம், ஒன்று துளை அடைத்தது என்று கலந்திருக்கும். வயல், மண், கல் என்று தைக்கும் இடத்துக்கு அந்த ஏறுமாறுதான் அழகு. டார்ச் வட்டத்துக்கு மட்டும் ஜப்பான் பாசி வாங்கினேன். கோவையில் டவுன்ஹால் பக்கத்துக் கடைகளில் ஆரி வேலைக்கான பொருள் எல்லாம் கிடைக்கும். கொஞ்சம் வாங்கிச் சோதித்துவிட்டுப் பிறகு மொத்தமாக வாங்குங்கள். ஒரு முறை தீர்ந்த நிறம் அடுத்த முறை அதே நிறத்தில் வராது.

சோதனை எளிது. ஈர வெள்ளைத் துணியில் பாசியைத் தேயுங்கள். நகப்பூச்சு நீக்கியில் ஒன்றிரண்டை ஊறவையுங்கள். ஓர் அட்டையில் வரிசையாகக் கோத்து, பாதியைக் காகிதத்தால் மூடி மொட்டை மாடி வெயிலில் இரண்டு வாரம் போட்டுவையுங்கள். சாயம் பூசிய பாசி இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ளது முதலில் ஜொலிக்கும். நாள்பட உள்ளுக்குள் கறுக்கும். பிளாஸ்டிக் முத்து தோல் உரியும். நாற்பது ஆண்டைத் தைக்கப்போகிறீர்கள், நான்கு ஆண்டாவது நிறம் நிற்க வேண்டாமா?

கொடுமணலில் மழை பெய்தால் காட்டில் மணிகள் கிடக்கும் என்கிறார்களே, அவற்றைச் சேர்த்துத் தைக்கலாமா?

கூடாது. சங்கப் பாடல் கொடுமணம் என்று சொல்லும் ஊர் அது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறரும் அங்கே அகழாய்வு செய்திருக்கிறார்கள். பச்சைக்கல், நீலம், சூதுபவளம், பளிங்கு என்று அறுத்து, இழைத்து, துளையிட்டு மணி செய்த பட்டறைகள் இருந்த இடம். பாதி செய்து விட்ட மணி, துளை போடும்போது உடைந்த மணி, கழிவுக்கல் ஆகியவையும் அங்கே கிடைத்தன. அவை எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில் கிடந்தன என்பதுதான் அவற்றின் மதிப்பு. பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் கல். நம் பக்கத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே மணித் தொழில் நடந்தது என்று பெருமைப்படுங்கள், பாசியைக் கடையில் வாங்குங்கள்.

எவ்வளவு பாசி பிடிக்கும்? எவ்வளவு நேரம்?

கணக்கு இது. 11ஆம் எண் பாசி ஒரு கிராமுக்கு 110 வரை நிற்கும். நெருக்கித் தைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25, 26 தேவை. 20க்கு 20 சென்டிமீட்டர் துணியை முழுக்க நிரப்ப 10,000 பாசிக்கு மேல், ஏறக்குறைய 100 கிராம். நேரத்தைப் பொறுத்தவரை, ஊசித் தையலில் பழகிய கைக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன துணி ஏறக்குறைய 62 சதுர அங்குலம்; 60 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆள் உயரத் துணியை மகள் கல்யாணத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஆவணியில் தொடங்கித் தையில் முடிக்கத் திட்டமிடாதீர்கள்.

அதனால்தான் முழுக்க நிரப்பாதீர்கள் என்கிறேன். துணி தெரியும் இடமும் வேலைதான்.

ஆரி ஊசியா, சாதாரண ஊசியா?

ஆரி வேகமானது. பாசியை முன்பே நூலில் கோத்துக்கொண்டு, கொக்கியால் சங்கிலித் தையலாக இழுத்துக்கொண்டே போகலாம். ரவிக்கைக்கு அது சரி. ஆனால் சங்கிலித் தையல் முடிச்சில் விட்டால் ஒரு வரிசை முழுவதும் சரசரவென்று பிரிந்துவிடும். பல ஆண்டு நிற்க வேண்டிய துணிக்குப் பாசி ஊசியும் பின்தையலும்தான். மூன்று பாசி கோத்துப் படுக்கவையுங்கள், கீழே இறங்குங்கள், கடைசிப் பாசிக்கு முன்னால் மேலே வந்து, அந்தப் பாசிக்குள் மீண்டும் நுழைந்து அடுத்த மூன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். விரற்கடைக்கு ஒரு முறை பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். ஓரிடத்தில் அறுந்தால் அந்த விரற்கடையோடு போகும். அவசரத்தில் விடும் முடிச்சு எது என்று கண்ணாடிப் பாசிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

நூல்: முறுக்கிய நைலான் அல்லது பாலியஸ்டர், தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். பருத்தி நூலைக் கண்ணாடித் துளையின் விளிம்பு அறுத்துவிடும். கடைக்காரர் நரம்பு நூல் (முறுக்காத ஒற்றை இழை) நல்லது என்பார். அது சில ஆண்டுகளில் விறைத்து ஒடியும்.

கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது. இந்த வயதில் முடியுமா?

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கிழக்குத் திண்ணை. அதற்கு மேல் வேண்டாம். எட்டாம் எண் பாசி எடுத்துக்கொள்ளுங்கள். பேத்தி வந்தால் பத்துப் பதினைந்து ஊசியில் நூல் கோத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் மட்டும் வெளியே உட்காராதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாசித் தட்டை அப்படியே கவிழ்த்துவிடும். சிமெண்டுத் தரையில் தெறித்த பாசியை விளக்குமாறால் கூட்டிப் பொறுக்கும் வேலை எதிரிக்கும் வேண்டாம். தட்டில் பழைய துவாலையை விரித்து அதன் மேல் பாசியைக் கொட்டினால் உருளாது.

கணவருக்கு இதில் ஏதாவது வேலை உண்டா?

எங்கள் வீட்டில் உண்டு. பாசி பொறுக்குவது. விதைக் கடலையில் சொத்தையும் சூம்பலும் தள்ளுவது போலத் தட்டை, உடைசல், துளை அடைத்தது எல்லாவற்றையும் தள்ளிக் கொடுப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, தனக்குப் பிடிக்காத நிறத்தில் நல்ல பாசியையும் தள்ளிவிடுவார். அதை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவர் தள்ளிய பாசிகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு துணி தைக்க எண்ணம்.

கணவர் இறந்துவிட்டார். தாலிக்கொடியில் இருந்த பவளத்தைத் தைக்கலாமா?

தைக்கலாம் என்பது என் எண்ணம். வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால், அவர்களோடு வாக்குவாதம் செய்வதா, சொல்லாமல் தைப்பதா என்பது உங்கள் முடிவு. வேலை முறையில் ஒன்றே ஒன்று: உண்மையான பவளம் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் படக் கூடாது, மங்கிவிடும். ஈரத் துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். கண்ணாடிப் பாசிக்கு நடுவே நெருக்கித் தைக்காமல் சுற்றி இடம் விடுங்கள். கண்ணாடி உரசினால் பவளத்தில் கீறல் விழும். பொன்குண்டுகளை மட்டும் தைக்காதீர்கள். துணி வெளியே தொங்கும். திருட்டுக்கு நாமே வழி செய்வானேன்.

இப்படிப் பாசியில் வாழ்க்கையைத் தைப்பது வேறு எங்காவது உண்டா?

உண்டு. குஜராத்தில் கத்தியவார் பக்கம் பெண்கள் கண்ணாடிப் பாசியால் வாசல் தோரணமும் சுவர்த் திரையும் செய்து சீதனத்தோடு கொண்டுபோனார்கள். அந்தப் பாசியில் பெரும்பங்கு வெனிஸிலிருந்து கப்பல் ஏறி வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜூலு பெண்கள் நிறங்களின் சேர்க்கையால் காதல் சேதி சொல்லும் பாசிப் பட்டைகள் செய்தார்கள். அமெரிக்காவில் லைசா லூ என்ற கலைஞர் 1991 முதல் 1996 வரை ஒரு முழுச் சமையலறையை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி உட்பட, பாசியால் மூடினார். சமையலறைதான் பொருள் என்று அவருக்குத் தோன்றியது எனக்கு மிகவும் பிடித்தது.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக அப்பா அம்மாவுக்குச் செய்து தருவீர்களா?

நான் செய்வதில்லை. நீங்களே செய்யுங்கள். ஆனால் செய்வதற்கு முன் அம்மாவைத் தனியாகவும் அப்பாவைத் தனியாகவும் உட்காரவைத்து, வீட்டில் எந்தப் பொருளுக்காக அதிகம் சண்டை போட்டீர்கள் என்று கேளுங்கள். இருவரும் ஒரே பொருளைச் சொன்னால் அதைத் தையுங்கள். வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும்.

தைத்த துணியை எப்படி வைத்துக்கொள்வது? பாசி உதிர்ந்தால்?

மேல் விளிம்பை மட்டும் ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். சொந்த எடையிலேயே இழுபட்டுக் கிழியும். துவைத்த காடாத் துணி சுற்றிய பலகையில் நான்கு பக்கமும் தைத்துப் பொருத்துங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டால் கண்ணாடி பாசியைத் தொடாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். சுருட்டி வைப்பதானால் பாசி வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டி, பழைய வேட்டியால் சுற்றுங்கள்; மடிக்கவே கூடாது. ரசகற்பூர உருண்டையை ஜரிகை மேல் நேராக வைக்காதீர்கள். துவைக்க வேண்டாம், மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

தைக்கும்போதே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிட்டிகை பாசியும், அதே நூலில் ஒரு கண்டும், இரண்டு ஊசியும் ஒரு துணிப்பையில் போட்டுப் பலகையின் பின்பக்கம் தைத்துவையுங்கள். எந்தப் பட்டை எந்த ஆண்டு, எந்த நிறம் என்பதை அழியாத மையில் ஒரு துண்டுத் துணியில் எழுதி அதோடு வையுங்கள். உதிர்ந்த இடத்தை நிரப்பப்போகிறவர் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.